நேற்றைய துண்டு

மதியம் பன்னிரண்டரை மணி. பதினேழு பிள்ளைகள் சோறு சாப்பிட்டு, கையைக் கழுவி, மிச்ச ஈரத்தை என் சேலையில் துடைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து, சுவரில் எழுதியிருக்கும் எழுத்துகளில் பாதியை மறைத்துவிட்டது. 'உ'வுக்கு அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

நடுவில் ஒரு பழைய கொழுந்துக் கூடை. அது நிறையத் துண்டுகள். கூடைக்கு முன்னால் யதுஷி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அப்போது அவளுக்கு நாலு வயதுகூட ஆகவில்லை.

ஒரு துண்டை எடுக்கிறாள். மூக்கில் வைக்கிறாள்.

"நிரோஷன் அம்மா."

நிரோஷன் ஓடி வந்து வாங்கிக்கொண்டு போய்ப் படுக்கிறான்.

"இது கவி அம்மா. இது டிலக்ஷி அம்மா. டிலக்ஷி, ஒங்கம்மா நேத்து வெத்தல போட்டாங்க."

டிலக்ஷி வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். வெற்றிலை போட்டது என்னவோ அவள்தான் என்பது போல.

இப்படி ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிப்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கடைசியில் கூடையில் ஒன்று மிஞ்சும். அதை மட்டும் முகர்ந்து பார்க்க மாட்டாள். "இது என்னோடது" என்று சொல்லி, கன்னத்துக்கு அடியில் வைத்துச் சுருண்டுகொள்வாள். எண்ணிப் பத்து நொடியில் தூங்கிவிடுவாள்.

எங்கள் முன்பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னோடு வேலை செய்த மாரியாயி ஆயா அவளுக்கும் முன்னாலேயே தூங்கியிருப்பார்.

போன வாரம் நான் எழுதிய மழைக்காலத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: அத்தனை வாண்டுகளை எப்படி ஒரே நேரத்தில் தூங்க வைத்தீர்கள்? நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்லப் போனால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது நடக்காது.

தலையில் இருக்கும் துணி

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் போகாத தூரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவார்கள். கயிறு அறுக்காமல் இருக்க, உச்சந்தலையில் ஒரு துண்டை மடித்து வைப்பார்கள். கூடை போய்ச் சாக்குப் பை வந்த பிறகும் அந்தத் துண்டு போகவில்லை.

காலையில் அந்தத் துண்டு வெறும் துணி. சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது அதில் எல்லாமே ஏறியிருக்கும். தேங்காய் எண்ணெய், வியர்வை, கொழுந்தின் பச்சை வாசம், அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்த்த சவர்க்காரம். ராத்திரி அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கி விறகுப் புகையையும் வாங்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயடியில், சும்மா ஓர் அலசு அலசி மறுபடி அடுப்புக்கு மேலேயே போடுவார்கள். தண்ணீருக்கு அஞ்சிப் போகிற வாசம் இல்லை அது.

மறுநாள் காலையில் பிள்ளையை எங்களிடம் விட வரும்போது தாய் அந்த நேற்றைய துண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, வேறொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவாள். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். தாமதித்தால் அன்றைக்கு வேலை இல்லை. மத்தியானம் அந்தத் துண்டு இருந்தால் பிள்ளை தூங்கும். இல்லாவிட்டால் தூங்காது. அவ்வளவுதான். வேறு தோட்டங்களில் இந்தப் பழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது.

நானும் அப்படித் தூங்கியவள்தான். அப்போது இது முன்பள்ளி இல்லை, பிள்ளை மடுவம்; மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை. தகரக் கூரை, சாணித் தரை. எனக்குப் பக்கத்துப் பாயில் புவனா படுப்பாள். எனக்கு அந்த வயதில் ஒரு கனவு அடிக்கடி வரும். அம்மா தான் கொழுந்து பறிக்கும் பத்தாம் நம்பர் மலையை அப்படியே பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். மலையிலிருந்து வழியெல்லாம் தண்ணீர் சொட்டும். விழித்தால் துண்டு மூக்கின் மேல் கிடக்கும்.

அந்தப் புவனாதான் யதுஷியின் அம்மா. தோட்டப் பள்ளிக்கூடத்திலும் நானும் அவளும் ஒரே வாங்கில்தான் உட்கார்ந்தோம். நான் படித்து டீச்சர் ஆனேன். அவள் கொழுந்துப் பை மாட்டினாள். யதுஷி என்னிடம் சேர்ந்த சில மாதங்களில் புவனா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

போகிற அன்று காலையில் வந்து தன் தலைத்துண்டை என் கையில் கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது.

"இத மட்டும் பாத்துக்க சாந்தி" என்றாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. துண்டைப் பார்த்துக்கொள் என்றாள். தொலைத்துவிடாதே என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி முடித்தவள்

அடுத்த சில மாதத்தில் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நுவரெலியாவில் ஒரு மண்டபம், நீல நாற்காலிகள், மத்தியானம் ஆளுக்கொரு சோற்றுப் பார்சல். பிள்ளைகளின் மூளை வளர்ச்சி, சத்துணவு, சுத்தம். எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் குறித்துக்கொண்டேன். முடிவில் ஒரு சான்றிதழும் தந்தார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டிய நாளிலிருந்து எனக்கு நடையே மாறிவிட்டது. மாரியாயி ஆயாகூட என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலியாகத்தான். எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை மேற்பார்வை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. நான் முன்பள்ளியைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் பளிச். பொம்மைகள் பளிச். கூடையில் கிடந்த துண்டுகள் மட்டும் கறுத்து, கறை பிடித்து, ஊரைக் கூட்டுகிற வாசத்தோடு கிடந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த தாய்மாரிடம் சொன்னேன்.

"துண்டெல்லாம் இங்கயே விட்டுட்டுப் போங்க. நானே தொவைச்சு வைக்கிறேன். திங்கக்கெழம வேற துண்டு கொண்டாராதீங்க."

"டீச்சரே தொவைக்கிறாங்களாம்டீ!" என்று ஒருத்தி சிரித்தாள். வேலை மிச்சம் என்று எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள்.

டவுனில் நானா கடையில் பூ வாசம் போட்ட சவர்க்காரத் தூள் வாங்கி வந்திருந்தேன். சுடுதண்ணீரில் ஊற வைத்து, தேய்த்து, அலசி, மறுபடி தேய்த்தேன். பாத்துக்கச் சொன்னாளே என்று அந்த நீலத் துண்டை மட்டும் தனியாக எடுத்து இரண்டு தடவை அலசினேன். நினைத்தால் இன்றைக்கும் என் கையை எனக்கே பிடிப்பதில்லை.

வெளியே ஒரே பனி, துணி காயாது. புவனாவின் புருஷன் சிவா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புப் பக்கம் வேலை. அவனிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் சூட்டில் ஒரே நாளில் மொறுமொறு என்று காய்ந்து வந்தன. எல்லாவற்றையும் மடித்து அடுக்கினேன். நீலத் துண்டுக்கு இஸ்திரிகூடப் போட்டேன்.

திங்கட்கிழமை

அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளைக் கண்டால் முகம் இளகிவிடும். சுவரைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், கொப்பியில் எழுதினார். துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல துப்புரவாய் வச்சிருக்கிறீர்" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. யதுஷி கூடைக்கு முன்னால் வந்து கண்ணை மூடினாள்.

முதல் துண்டை எடுத்து முகர்ந்தாள். கீழே வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், யாருமே இல்ல."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "இருக்காங்க, நல்லாப் பாரு" என்றேன், விருந்தாளி முன்னால் பிள்ளை கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டுமே என்ற அவசரத்தில்.

அவள் கூடையைக் கவிழ்த்தாள். இஸ்திரி போட்ட நீலத் துண்டு மேலே வந்து விழுந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்தாள். திருப்பினாள். மறுபக்கம் முகர்ந்தாள். மடிப்பைப் பிரித்து, நடுவில் கயிறு பட்டுப் பட்டுத் தேய்ந்த இடத்தில் மூக்கை அழுத்தினாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். துண்டை நாலாக மடித்துக் கொண்டுபோய்ப் புத்தகத் தட்டின் கடைசி அறையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள்.

அன்றைக்கு ஒரு பிள்ளையும் தூங்கவில்லை. நிரோஷன் உருண்டான், கவி சிணுங்கினாள், டிலக்ஷி எழுந்து வாசலில் நின்று 'அம்மா' என்று கத்தினாள். பிள்ளைகள் தூங்காததால் மாரியாயி ஆயாவும் தூங்கவில்லை. அது தனி உலக அதிசயம்.

"என்ன, பிள்ளையள் ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னைக்கி ஆள் வந்திருக்கில்ல மேடம், அந்தப் பராக்கு" என்றேன். பொய்தான்.

லெச்சுமி கட்டிய துண்டு

மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது. தாய்மார் மலைக்குப் போனார்கள், வாசம் திரும்பி வந்தது. யதுஷிக்கு எங்கிருந்து வரும்? அந்தத் துண்டை மாற்ற ஆளில்லை. அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நான் கழுவி ஊற்றிவிட்டேன்.

துண்டு பங்கு வைக்கிற வேலையை அவள் அன்றோடு விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஆயா குத்துமதிப்பாகக் கொடுப்பார். பாதி மாறிப் போகும். பிள்ளைகள் சண்டை போட்டுத் திருத்திக்கொள்ளும். யதுஷி திரும்பியே பார்க்க மாட்டாள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் அவள் மட்டும் ஜன்னலில் முழித்திருப்பாள். பதினாறு பிள்ளைகளின் மூச்சு அந்த அறையில் ஏறி இறங்கும். வெளியே பனி நகரும்போது மலையே நகருவது போலத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று.

சிவாவிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நானுந்தான காயப்போட்டேன் டீச்சர். என் கையாலதான் விரிச்சேன். எனக்கே தோணலியே."

வாரத்துக்கு ஒருநாள் புவனா போனில் முகம் காட்டுவாள். யதுஷி அந்தப் படத்தைப் பார்ப்பாள், பேசுவாள், பாட்டுச் சொல்வாள். எல்லாம் முடிந்த பிறகு போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தகப்பனிடம் கொடுப்பாளாம். சிவா இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

ஒரு வழி பண்ணலாம் என்று நினைத்தேன். புவனாவுக்குப் பக்கத்து நிரையில், அதாவது அடுத்த தேயிலை வரிசையில், கொழுந்து பறித்தவள் லெச்சுமி. அதே மலை, அதே மழை, அதே விறகு. நீலத் துண்டை அவளிடம் கொடுத்து ஒரு வாரம் கட்டச் சொன்னேன். கட்டினாள் பாவம். கொண்டுவந்து யதுஷியின் மடியில் வைத்தேன்.

அவள் ஒரு தடவைதான் முகர்ந்தாள்.

"லெச்சுமி அத்த" என்றாள். அதில் கோபம் இல்லை. "அத்தைக்கி தடுமன் டீச்சர்."

சளி பிடித்திருந்தது உண்மைதான். காலையில் தைலம் பூசியிருந்தாள். யதுஷி துண்டை மடித்துப் பழையபடி தட்டில் வைத்தாள்.

வந்தவங்க

புவனா திரும்பி வந்தபோது யதுஷிக்கு ஐந்து வயது. என்னிடம் அதுதான் கடைசித் தவணை. தை பிறந்தால் பெரிய பள்ளிக்கூடம்.

வேன் கீழே ரோட்டிலேயே நின்றுவிட்டதால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் பெட்டிகளைத் தலையில் தூக்கி வந்தார்கள். புவனா வெளுத்திருந்தாள், கொஞ்சம் பருத்திருந்தாள். நல்ல செருப்பு. பக்கத்தில் வந்தாலே அத்தர் வாசம். மகளைக் கண்டதும் ஓடிப்போய்த் தூக்கினாள். யதுஷி உடம்பை விறைத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் முகர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கினாள்.

"உக்காருங்க" என்றாள், வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் சொல்வது போல.

நாலாம் நாள் காலை. பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் நேரத்தில் புவனா என்னிடம் வந்தாள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"எம் புள்ள என்னைய 'வந்தவங்க'ங்கிறா. 'அப்பா, வந்தவங்களுக்கு தேத்தண்ணி குடுங்க'ங்கிறா. நான் யாருக்காகப் போனேன் சாந்தி?"

இதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. புத்தகத் தட்டிலிருந்து நீலத் துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இத நான் தொவைச்சிட்டேன் புவனா. நீ போன கொஞ்ச மாசத்துலயே. அதுக்கப்புறம் அவ மத்தியானத்துல தூங்குனதே இல்ல."

அவள் துண்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். வெளியே பிள்ளைகள் ரயில் விளையாட்டில் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"போறதுக்கு முன்னாடி பத்து நாள் இத தொவைக்காம கட்டுனேன்" என்றாள் கடைசியில். "பீலிக்கரையில எல்லாரும் மூக்கப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாளுங்க. சிரிக்கட்டும்னு விட்டேன். நீங்க என் பக்கத்துல படுத்துத் தூங்குனவுங்கதான டீச்சர்?"

சாந்தி போய் டீச்சர் ஆகிவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்குத் தோணல" என்று மட்டும் சொன்னேன். எனக்குத் தோன்றவில்லை. அந்தத் துண்டில் தூங்கி வளர்ந்த எனக்கு.

எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. யதுஷி எங்கள் பக்கத்தில் நின்றாள். மேசையில் கிடந்த துண்டை எடுத்தாள். நாலாக மடித்தபடியே புவனாவின் கையில் கொடுத்தாள்.

"இதக் கட்டிக்கிட்டு மலைக்கிப் போயிட்டு வாங்க."

அரை நிரை

இனி ஜென்மத்துக்கும் கொழுந்துப் பை மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளிநாடு போனவள் புவனா. பெயர்ப் பதிவிலும் அவள் இல்லை. மறுநாள் காலையில் பார்க்கிறேன், நீலத் துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு பழைய சட்டை ஒன்றை மாட்டியபடி போகிறாள். கங்காணி என்ன என்று கேட்டதற்கு லெச்சுமிதான் பதில் சொன்னாளாம்: "என் நிரையில பாதிய அவ எடுக்கிறா. கொழுந்து என் பேர்லயே போகட்டும். ஒங்களுக்கு என்னாங்க நட்டம்?"

இரண்டு வருஷம் மெத்தென்று இருந்த கை. முதல் நாளே விரலெல்லாம் வெடித்துவிட்டது. மறுநாள் துண்டை யதுஷியிடம் கொடுத்தாள். 

யதுஷி முகர்ந்தாள். திருப்பி மறுபக்கமும் முகர்ந்தாள்.

"இன்னும் வரல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

புவனா துண்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் போனாள். அந்த வாரம் முழுக்க மழை. அத்தர் கரைந்தது, வெளுப்புக் கரைந்தது. கால் இரண்டிலும் அட்டைக் கடி. ராத்திரியில் பெட்டியில் கொண்டுவந்த மின்சார அடுப்பைத் தொடாமல், விறகு அடுப்பிலேயே ரொட்டி சுட்டாளாம். லயத்தில் சிலர் கேலி பண்ணினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் மற்றத் தாய்மாரோடு அவளும் வந்தாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாத் துண்டுகளுக்கும் நடுவே தன் துண்டையும் கூடைக்குள் திணித்தாள். எனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி திணித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

மதியம் பன்னிரண்டரை. பனி இறங்கிவிட்டது. ஆயா கூடையை இழுத்து நடுவில் வைத்துக் குத்துமதிப்பாகக் கையை விட்டார்.

ஜன்னலில் இருந்த யதுஷி எழுந்து வந்தாள். ஆயாவின் கையை மெதுவாக எடுத்து விட்டாள். கண்ணை மூடினாள்.

"கவி அம்மா" என்றாள். "இது டிலக்ஷி அம்மா. இது... நிரோஷனோட அம்மா, ஆனா பாப்பா பால் வாசம் வருது." நிரோஷனுக்குத் தங்கை பிறந்து மூன்று மாதம்.

ஒவ்வொரு துண்டாகப் போயிற்று. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. வெளியே படியில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மத்தியானக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் புவனா ஓடி வந்திருக்கிறாள். உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே, மழை சொட்டுகிற இடத்திலேயே நின்றாள். கால் நிறையச் சேறு.

கூடையில் ஒன்று மிஞ்சியது. யதுஷி அதை எடுத்தாள். மூக்கில் வைத்தாள். மற்றவற்றை ஒரு தடவை முகர்ந்தவள் இதை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியே வைத்திருந்தாள். அவள் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நான் புவனாவைப் பார்த்தேன். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னோடது" என்றாள் யதுஷி.

போய்ப் படுத்தாள். துண்டைக் கன்னத்துக்கு அடியில் வைத்தாள். நான் எண்ணிப் பார்க்க நினைத்தேன். கண்ணீர் மறைத்ததில் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. அதற்குள் அவள் தூங்கியிருந்தாள்.

புவனா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அரை நிரை பாக்கி இருக்கு சாந்தி. மூணு மணிக்கு முன்னாடி அவள எழுப்பிறாத."

தலையில் வேறொரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு பனிக்குள் ஏறிப் போனாள். நான் சத்தம் வராமல் கதவைச் சாத்தினேன்.